அமாவாசை மட்டை

"பேயைப் பிடிச்சிக் குடுக்க வேணாம் சார். அது என் மகன்தானான்னு மட்டும் பார்த்துச் சொல்லிடுங்க. போதும்."

தில்லையம்மாள் இதை அழாமல் சொன்னாள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் சொன்னாள். அதனால்தான் துப்பறியும் காசிநாதன் பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, சைக்கிள் கடை மாடியில் அவர் ஆபீஸ் போட்டுப் பத்து வருடம் ஆகிறது. தொலைந்த நகை, ஓடிப்போன கணவன், கள்ளக் கையெழுத்து என்று எல்லாம் படியேறி வந்திருக்கின்றன. பேய் வந்தது இந்த 1972 புரட்டாசியில்தான்.

"நிதானமா சொல்லுங்கம்மா. மகன் பேர் என்ன?"

"பரமசிவம். கிரிக்கெட்டு ஆடுவான். மூணு வருஷத்துக்கு முன்ன, ஐப்பசியில, திருமுக்கூடல்ல பாலாத்துல இறங்கினான் சார். வெள்ளம் இழுத்துக்கினு போயிடுச்சி. செருப்பு மட்டும் கரையில இருந்தது." நிறுத்தி, முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "இருபத்திநாலு வயசு. கருமாதி முடிஞ்ச அன்னிக்கி அவன் ரூம்பைப் பூட்டினேன். சாவி என் இடுப்புலதான் இருக்குது. எப்பனா நான் மட்டும் போயி விளக்கேத்திட்டு வருவேன்."

"சரி."

"இந்த ஆடி அமாவாசை அன்னிக்கி, உச்சி வெயில்ல, அடுப்படியில படையலுக்குச் சமைச்சிக்கினு இருந்தேன். அந்த ரூம்பிலேர்ந்து சத்தம். டொக்... டொக்... டொக்குனு. அவன் பேட்டை மடியில வச்சிக்கினு மரச்சுத்தியால தட்டுவான் சார். அதே சத்தம். அரை மணி நேரம்."

ஜன்னலோரம் சோடா குடித்துக்கொண்டிருந்த உதவியாளன் தாவீது பாட்டிலை வாயிலிருந்து எடுத்தான். "சார், நான் கிறிஸ்துவன். அமாவாசைப் பேயெல்லாம் என் சரகத்தில வராது. நான் போயி டீ சொல்லிட்டு வரட்டுமா?"

"உட்காருய்யா. அம்மா, கதவைத் திறந்து பார்த்தீங்களா?"

"இல்ல. கதவுல வாயை வச்சி 'பரமசிவம், பரமசிவம்'னு கூப்ட்டேன். நிறுத்தல. நான் கூப்புடக் கூப்புட தட்டிக்கினே இருந்தான்."

"சாவி இடுப்புலயே இருந்ததே. ஏன் திறக்கல?"

தில்லையம்மாள் அவரை ஏதும் தெரியாத குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"திறந்தா போயிடுவான் சார்."

தாவீது சோடா பாட்டிலைக் கீழே வைத்தான்.

"சத்தம் நின்னப்பறம் திறந்தேன். யாரும் இல்ல. ஆணியில உறை மாட்டினது மாட்டினபடி தொங்குது. எடுத்துப் பிரிச்சேன். உள்ள... உள்ள பேட்டு இருந்தது சார்."

"பேட்டு உறைக்குள்ள பேட்டு இல்லாம புடலங்காயாம்மா இருக்கும்?" என்றான் தாவீது.

அவள் சிரிக்கவில்லை. ஒரு கணம் அவனை உற்றுப் பார்த்தாள். பிறகு காசிநாதன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"எண்ணெய் தடவி ஈரமா இருந்தது. ஆவணி அமாவாசைக்கும் அதே சத்தம், அதே எண்ணெய். நாளன்னிக்கு மகாளய அமாவாசை. வர ஞாயித்துக்கெழமை கிளப்புக்காரங்க அவன் பேர்ல மேட்ச்சு வச்சிருக்காங்க. அவன் பேட்டாலதான் மொத பந்தை அடிக்கணுமாம். ஆடி பொறந்ததுமே வந்து கேட்டாங்க. எங்க வூட்டுக்காரரு தலையாட்டிட்டாரு. அவன் வந்து தொட்டுக்கினு இருக்கற பொருளை நான் எப்படி சார் எடுத்துக் குடுக்கறது?"

*

சின்ன காஞ்சிபுரத்தில் தில்லையம்மாளின் தெருவுக்குள் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் நுழைந்ததுமே தாவீது ஹாரன் அடிப்பதை விட்டுவிட்டான். அடித்தும் பிரயோசனம் இல்லை. இரண்டு பக்கமும் வீட்டுக்கு வீடு தறி. தடக்கு தடக்கு என்ற சத்தத்தில் ஹாரனாவது, மணியாவது.

அவர்கள் இறங்கியபோது தில்லையம்மாளின் கணவர் கண்ணாயிரம் சைக்கிளில் டிபன் கேரியரை மாட்டிக்கொண்டிருந்தார். வாலாஜாபாத் ரோட்டு ரைஸ் மில்லில் இருபத்தெட்டு வருடமாக இன்ஜின் டிரைவர். கெட்டித் தேகம், நரைத்த புருவம்.

"ஐயா, வணக்கம்! உங்களைப் பார்க்கத்தான் வந்தோம்!" என்றான் தாவீது.

"ஆமா, ஆமா! சாயந்திரம் மழை வரும்!" என்று தெருவே அதிரப் பதில் சொல்லிவிட்டு கண்ணாயிரம் பெடலை மிதித்தார்.

"நல்ல மனுஷன். கேள்வி எதுவா இருந்தாலும் பதில் ரெடியா வச்சிருக்காரு," என்றான் தாவீது.

தில்லையம்மாள் பூட்டைத் திறந்தாள். கதவு விலகியதும் முதலில் வந்தது வாசனை. ஆளிவிதை எண்ணெயின் கனத்த, கொஞ்சம் மீன் கலந்தது போன்ற வாசனை. மூன்று வருடம் மூடிக் கிடந்த அறையில் அது நேற்றுத்தான் யாரோ இங்கே உட்கார்ந்து எழுந்து போனார்கள் என்பதுபோல் இருந்தது.

காசிநாதன் வாசலிலேயே நின்றார். தரையெங்கும் மெல்லிய தூசி. அதில் ஒரே ஒருவரின் வெறுங்கால் தடம். வாசலிலிருந்து ஆணி மாட்டிய சுவர் வரை போய்த் திரும்பியிருந்தது. பெண் கால், சிறியது.

"என் காலுதான்," என்றாள் தில்லையம்மாள்.

"வேற தடமே இல்ல சார்," தாவீது குரலைத் தாழ்த்தினான். "வந்தவரு பறந்துதான் வந்திருக்கணும்."

ஆணிக்குப் பக்கத்தில் மரச் சட்டங்கள் வைத்த ஜன்னல். அதற்கு வெளியே வீட்டின் பழைய மாட்டுக்கொட்டகை. பசு செத்தபிறகு அங்கே யாரும் போவதில்லை என்றும், அதன் கதவு பின்சந்தில் திறக்கிறது என்றும் தில்லையம்மாள் சொன்னாள்.

காசிநாதன் உறையைப் பிரித்து மட்டையை வெளியே எடுத்தார். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகப்பு முழுக்கக் காலணா அளவுக்கு வட்டம் வட்டமாய்ச் சின்னப் பள்ளங்கள். ஓரங்கள் மழுங்கி உருண்டிருந்தன. கைப்பிடி மரத்தில் செருகியிருக்கும் இடத்தில் மட்டும் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. அதை யாரோ துணியால் துடைத்துத் துடைத்து எடுக்கப் பார்த்திருந்தார்கள்.

தில்லையம்மாள் கிட்டே வந்து விரல் நுனியால் மட்டையைத் தொட்டாள். பிறகு விரலை மோந்து பார்த்தாள்.

"அவன்தானே சார்?"

"அமாவாசைக்குச் சொல்றேம்மா," என்றார் காசிநாதன். திரும்பும்போது ஜன்னல் சட்டங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். மூன்றாவது சட்டம் அவர் கைக்கு லேசாக ஆடியது. அதற்குக் கீழே மட்டும் தூசி இல்லை.

*

"ஆள் உள்ளே வரவில்லை," என்றார் காசிநாதன், டீக்கடை பெஞ்சில். "சட்டத்தைத் தூக்கிவிட்டு, கையை விட்டு, ஆணியிலிருந்து மட்டையை எடுத்துக்கொள்கிறான். கொட்டகையில் உட்கார்ந்து தட்டுகிறான். முடிந்ததும் மாட்டிவிட்டுப் போகிறான்."

"அமாவாசைக்கு அமாவாசை வந்து எண்ணெய் போடறானா? எங்க வூட்டுல தலைக்கு எண்ணெய் வைக்கிறதே தீபாவளிக்குத் தீபாவளிதான் சார்."

"அமாவாசை அன்னிக்கு மட்டும் வர்றான்னு உனக்கு யார் சொன்னது?"

"அந்த அம்மாதான்."

"அவங்க சொன்னது, அமாவாசை அன்னிக்குக் கேட்டதுன்னு. தாவீது, இந்தத் தெருவில் ஹாரன் அடிச்சியே, கேட்டுதா?"

தாவீது டீ கிளாஸை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான். "அடடா. அமாவாசைன்னா தறி லீவு!"

"அதேதான். தினம் தட்டுகிறான். நாற்பது தறி சேர்ந்து அதை விழுங்கிவிடுகிறது. மாசத்தில் ஒரு நாள் தெரு வாயை மூடுகிறது. அன்றைக்கு மட்டும் பேய் வருகிறது."

"சரி சார். திருட வந்தவனா இருந்தா எடுத்துக்கினு போயிருப்பான். இவன் எண்ணெய் போட்டுத் திருப்பி மாட்டறான். எந்த ஊர்த் திருடன் சார் இவன்?"

"அதைக் கேட்கத்தான் மைதானத்துக்குப் போகிறோம்."

கிளப் மைதானத்தில் முனிரத்தினம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒரு மட்டையின் கைப்பிடிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தான். பிட்ச்சுக்குத் தண்ணீர் விடுவதும், உருளை இழுப்பதும், உடைந்த மட்டைகளுக்கு வைத்தியம் பார்ப்பதும் அவன் வேலை. ஐம்பது வயது. ஆனால் விரல்கள் பூக்கட்டுகிறவர்களின் விரல் மாதிரி ஓடின.

"ஒரு மட்டையை எப்படிப் பராமரிக்கணும் முனிரத்தினம்?" என்று பக்கத்தில் உட்கார்ந்தார் காசிநாதன்.

கேட்டதுதான் தாமதம். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"புதுசா வாங்கினா எடுத்தவுடனே ஆடக்கூடாது சார். மரம் பச்சைப்புள்ளை மாதிரி. ஆளிவிதை எண்ணெய், காய்ச்சாத எண்ணெயா பார்த்து வாங்கி, துணியில தொட்டு மெல்லிசா தடவணும். படுக்க வச்சிக் காயவிடணும். நிக்க வச்சா எண்ணெய் எல்லாம் அடியில போயி இறங்கிடும். மூணு வாட்டி போதும். அதிகமாப் போட்டா மரம் கனத்துப் போயி செத்துடும், பந்து எகிறாது. கைப்பிடி செருகின இடத்துல மட்டும் எண்ணெய் படவே கூடாது. ஒட்டின வஜ்ரப் பசை வுட்டுடும்."

"அப்புறம்?"

"அப்புறம் தட்டணும். கொட்டாப்புளின்ற மரச்சுத்தியாலயோ, பழைய பந்தாலயோ. ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சி, மெதுவா, தினம் அரை மணி, ஒரு மணி. ஆயிரக்கணக்குல தட்டணும். தட்டத் தட்ட மரம் இறுகும். அப்பதான் வேகப் பந்தைத் தாங்கும். இல்லாட்டி மொத நாளே விரிசல் வுட்டுடும்."

"அப்ப அஞ்சு வருஷம் ஆடின மட்டையைத் தட்டத் தேவையில்லை?"

"எதுக்கு சார்? அதைத்தான் பந்து தட்டிடுச்சே."

"ஆடின மட்டைன்னு எதை வச்சுச் சொல்லுவே?"

"செவப்பு ஒட்டியிருக்கும் சார். பந்தோட சாயம். தேச்சாலும் போவாது."

காசிநாதன் தலையாட்டினார். "பரமசிவம் மட்டையில் ஒரு புள்ளி சிவப்பு இல்லை. வட்ட வட்டமாக் கொட்டாப்புளித் தடம் மட்டும் இருக்கு. அது அவன் மட்டையே இல்லை. புதுசு. கைப்பிடி செருகின இடத்தில் எண்ணெய் ஊத்தி, அப்புறம் யாரோ திட்டினதால் துடைச்சிருக்காங்க. ஆடத் தெரிஞ்சவன் அந்தத் தப்பைச் செய்ய மாட்டான். தெரியாத ஒருத்தனுக்கு நீ சொல்லிக் குடுத்திருக்கே."

முனிரத்தினத்தின் கையில் நூல் நின்றுவிட்டது.

"சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் சார். பேரு மட்டும் கேக்காதீங்க."

"கேட்கலை. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்த ஆளுக்குச் சொல்லிக் குடுத்தப்ப, நீ கத்திக் கத்தித்தானே பேசினே?"

முனிரத்தினம் எழுந்தே நின்றுவிட்டான். மடியிலிருந்த மட்டை கீழே விழுந்தது. அவன் முகத்தைப் பார்த்தாலே போதுமாக இருந்தது.

லாம்ப்ரெட்டாவை உதைத்துக்கொண்டே தாவீது கேட்டான். "சார், அந்தக் கத்தற விஷயம் எங்கேர்ந்து பிடிச்சீங்க?"

"அந்த அம்மா கதவில் வாய் வைத்து மகன் பேரைக் கூப்பிட்டாங்க. திருடன் என்றால் பயந்து நிறுத்துவான். மகனின் ஆவி என்றால் பதிலாவது சொல்லும். கூப்பிடக் கூப்பிடத் தட்டிக்கொண்டே இருந்தது யாராக இருக்க முடியும்?"

"காது கேக்காதவரு," என்றான் தாவீது மெல்ல. "சாயந்திரம் மழை வரும்னு சொன்னவரு."

"இருபத்தெட்டு வருஷம் மில் இன்ஜின் பக்கத்தில் நின்ற காது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் சைக்கிளில் பின்சந்துக்கு வருகிறார். அமாவாசைக்குத் தெரு அடங்கிப்போவது அவருக்கு உறைக்கவே இல்லை. அவருக்குத் தினமுமே அமாவாசைதான்."

"ஏன் சார் பெத்த மகன் பேட்டை மாத்தணும்?"

"அதுதான் தெரியலை," என்றார் காசிநாதன். "எனக்குப் பிடிக்காத பதிலாகத்தான் இருக்கும் போலிருக்கு."

*

மகாளய அமாவாசை அன்று பதினொன்றரை மணிக்கே தெரு ஊமையாகிவிட்டது. தறிகள் நின்றிருந்தன. ஆண்கள் குளத்துக்கும் கோயிலுக்கும் போயிருந்தார்கள். வீடுகளுக்குள் சாம்பிராணி புகைந்தது. வெயில் கொட்டிய பின்சந்தில் ஒரு நாய்கூட இல்லை. நடக்கும்போது தாவீதின் செருப்புச் சத்தம் அவனுக்கே பயமாக இருந்ததோ என்னவோ, கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

டொக்.

இருவரும் நின்றார்கள்.

டொக்... டொக்... டொக்.

யார் தட்டுகிறார்கள் என்று தெரிந்தும் காசிநாதன் அடுத்த அடி வைக்கத் தயங்கினார். அந்தத் தட்டலில் அவசரம் இல்லை. விடிய விடியக் காய்ச்சல் குழந்தையைத் தட்டிக்கொடுக்கும் கை மாதிரி ஒரே சீராக வந்தது. பாலாற்றில் போனவன் திரும்பி வந்து உட்கார்ந்தால் இப்படித்தான் தட்டுவான் என்று நம்பிவிடத் தோன்றியது. தாவீது அவர் முழங்கையைப் பிடித்தான்.

கொட்டகைக் கதவு சாத்தியிருந்தது. தாழ் போடவில்லை. உள்ளே, ஜன்னலுக்கு அடியில், காலி மாட்டுத்தொட்டியின் விளிம்பில் கண்ணாயிரம் உட்கார்ந்திருந்தார். மடியில் மட்டை. கையில் கொட்டாப்புளி. பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம், மடித்த துணி. மனைவியிடம் திருமுக்கூடலுக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவர்.

காசிநாதனின் நிழல் மட்டைமேல் விழுந்ததும்தான் நிமிர்ந்தார். ஓடப் பார்க்கவில்லை. மட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

கத்திப் பேசினால் வீட்டுக்குள் கேட்கும். காசிநாதன் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக் காட்டினார். 'நான் உங்கள் எதிரி இல்லை. பரமசிவத்தின் மட்டை எங்கே?'

கண்ணாயிரம் எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"எரிச்சிட்டேன்!" என்றார்.

அவருக்கு அது முணுமுணுப்பு. அந்த அமைதியில் அது சந்து முனை வரை போயிருக்கும். காசிநாதன் உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அவர் கவனிக்கவில்லை. மூன்று வருடம் அடைத்து வைத்தது உடைத்துக்கொண்டு வந்தது.

"மில்லுல அவனுக்கு வேலை வாங்கி வச்சேன் சார்! சேர வேண்டிய நாள்ல செங்கல்பட்டுக்கு மேட்ச்சு ஆடப் போயிட்டான். மொதலாளி எதிர்ல தலைகுனிஞ்சி நின்னேன். வூட்டுக்கு வந்ததும் கோடாலியை எடுத்தேன். பேட்டை ரெண்டாப் பொளந்து வெந்நீர் அடுப்புல போட்டேன். அந்த நேரம் பார்த்து வந்து நின்னான். கைப்பிடி எரிஞ்சிக்கினு இருந்தது. அதையே பார்த்தான். ஒரு வார்த்தை பேசல. என்னைத் திட்டியிருக்கலாம் சார். அப்படியே திரும்பிப் போயிட்டான். ராத்திரி சாப்புடல. கிளப்புல போயிப் படுத்துக்கினான். காலையில நான் அஞ்சு மணிக்கே மில்லுக்குப் போயிட்டேன். பன்னெண்டு மணிக்கு ஆள் வந்து சொல்றான், ஆத்துல போயிட்டான்னு."

தாவீது கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்றான். அதனால் ஒரு பயனும் இல்லை என்று அவனுக்கும் தெரிந்தது.

'மனைவிக்குத் தெரியுமா?' என்று எழுதினார் காசிநாதன்.

"தெரியாது! உறைக்குள்ள ஒரு பலகையைச் செருகி மாட்டிட்டேன். பேட்டு இருக்குதுன்னு நெனச்சிக்கினு பூட்டி வச்சிட்டா. இப்ப கிளப்புக்காரங்க வந்து கேட்டுட்டாங்க. நாலு பேர் எதிர்ல பிரிச்சா பலகை வருமே! மெட்ராஸ் போயி புதுசு வாங்கியாந்து மாத்தினேன். பழசு மாதிரி தெரியணும்னு தட்ட ஆரம்பிச்சேன். போதும், போதும்னு முனிரத்தினம் சொல்லிட்டான். என்னால வுட முடியல சார். அவன் இப்படித் தட்டிக்கினு உக்காந்திருக்கறப்ப ஒரு நாள், ஒரே ஒரு நாள், பக்கத்துல போயி இன்னாடா பண்றேன்னு நான் கேட்டதில்ல."

மட்டையின் முகப்பைப் புறங்கையால் துடைத்தார்.

"வெறும் வயித்தோட போயிருக்கான். என்மேல கோவத்தோட போயிருக்கான். தண்ணி இழுத்துச்சா, அவனாவே இறங்கினானா, அதுகூட எனக்குத் தெரியல. அதை மட்டும் யார்னா சொன்னா..."

காசிநாதன் பேனாவை மூடினார். தில்லையம்மாளிடம் என்ன சொல்வது என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டார். 'ஆமாம்மா, உங்க மகன்தான்' என்று சொல்லிவிட வேண்டியது. தொழிலில் அவர் சொல்லப்போகிற முதல் பொய்.

அப்போது தாவீது அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தான்.

ஜன்னலின் மூன்றாவது சட்டம் நகர்ந்திருந்தது. அந்த இடைவெளியில் நான்கு விரல்கள். விரல்களுக்கு மேலே, அறையின் இருட்டில், தில்லையம்மாளின் முகம். கதவுக்கு அந்தப்பக்கம் தட்டல் நின்று கணவனின் குரல் கேட்டதும், இந்தத் தடவை திறந்துவிட்டிருக்கிறாள்.

"அம்மா," என்று தொடங்கினார் காசிநாதன்.

"பலகைதான்னு எனக்குத் தெரியும் சார்."

மூன்று பேரில் இரண்டு பேருக்கு அது கேட்டது.

"அதனாலதானே உங்ககிட்ட வந்தேன். மூணு வருஷமா வெறும் பலகையைப் பூட்டி வச்சிருந்தேன். ஆடி அமாவாசைக்குச் சத்தம் கேட்டுப் பிரிச்சா உள்ள பேட்டு இருக்குது. நான் வேற இன்னா நெனைப்பேன்?"

காசிநாதன் தன்னையே நொந்துகொண்டார். உள்ளே பேட்டு இருந்தது சார் என்று அவள் திணறிச் சொன்னதை, மகனை இழந்த தாயின் தடுமாற்றம் என்று தள்ளிவிட்டார். புடலங்காய் என்று தாவீது சிரித்தபோது, அவர்கள் இருவரில் உண்மைக்கு ரொம்பக் கிட்டே போனவன் அவன்தான்.

"பேட்டு இல்லைன்னு யாரும்மா உங்களுக்குச் சொன்னது?"

"அவன்தான்."

கண்ணாயிரம் இவர்கள் பார்வை போகும் திசையைப் பார்த்துத் திரும்பினார். ஜன்னலில் மனைவியைக் கண்டதும் மட்டையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். இருபத்திநாலு வயது மகனைப் பறிகொடுத்த அந்தப் பெரிய தேகம், திருடி அகப்பட்ட பையனைப்போல் குறுகியது.

தில்லையம்மாள் அவர் கண்களைப் பார்த்து, ஒவ்வொரு வார்த்தையாக, உதடு பிரித்துப் பேசினாள். இத்தனை வருடக் குடித்தனத்தில் அவர்கள் பேசிக்கொள்கிற முறை அதுதான்.

"நீ மில்லுக்குப் போனப்பறம், காலையில வந்தான்யா."

கண்ணாயிரம் அவள் உதட்டையே பார்த்தார்.

"ஆறு மணிக்கு வந்தான். பசிக்குதும்மான்னான். பழைய சோறு போட்டேன். நேத்து வச்ச கருவாட்டுக் கொழம்பு. ரெண்டு தட்டு தின்னான். தின்னுக்கினேதான் சொன்னான், அப்பா பேட்டை எரிச்சிட்டாரும்மான்னு. சிரிச்சிக்கினு சொன்னான்யா. திருமுக்கூடல்ல சிநேகிதன்கிட்ட ஒரு பழைய பேட்டு இருக்குதாம். அக்கரைக்குப் போயி அதை வாங்கிக்கினு, சாயந்திரம் வந்து உன்கூட மில்லுக்கு வந்து மொதலாளியைப் பார்க்கறேன்னான்."

"அப்ப நீ ஏன்..." கண்ணாயிரம் மறைத்த மட்டையை முன்னால் கொண்டுவந்தார். "மூணு வருஷமா ஏன் சொல்லல?"

"வாசப்படி இறங்கறப்ப அவன் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். 'அப்பாகிட்ட பேட்டைப் பத்தி ஒண்ணும் கேட்டுடாதம்மா, அவரே வருத்தப்பட்டுக்கினு இருப்பாரு.' அதை மீற எனக்கு மனசு வரல. நீ உறையில பலகையை வச்சி மாட்டினதும், நீ என்கிட்ட மறைக்கிறதை நான் ஏன் பிரிக்கணும்னு பூட்டிட்டேன்."

கண்ணாயிரம் எழுந்து ஜன்னல்கிட்டே போனார். மட்டை கையிலிருந்து நழுவி வைக்கோலில் விழுந்தது. சட்டத்தைப் பிடித்திருந்த அவள் விரல்கள்மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது. அழுவதற்குக்கூட அவரிடம் மெல்லிய குரல் இல்லை.

காசிநாதன் மட்டையை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் படுக்க வைத்தார். தாவீதுக்குக் கண்ணைக் காட்டினார். இருவரும் சத்தமில்லாமல் வெளியே வந்து கதவைச் சாத்தினார்கள்.

சந்தில் வெயில் அப்படியேதான் கொளுத்தியது. தாவீது செருப்பை மாட்டிக்கொண்டு, வண்டியை உதைக்காமல் சும்மா நின்றான்.

"கேஸ் ஃபைல்ல இன்னா சார் எழுதறது? பேய் யாருன்னு?"

"எழுத வேண்டாம்," என்றார் காசிநாதன்.

கொட்டகைக்குள்ளிருந்து கண்ணாயிரத்தின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"இன்னொரு வாட்டி சொல்லு, தில்லை. எத்தனை தட்டு தின்னான்?"

அவள் சொன்ன பதில் வெளியே கேட்கவில்லை. மறுபடியும் அவர் கேட்டார். மறுபடியும் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.